மைனஸ் நாற்பத்தேழு போர்வைகள்

அத்தியாயம் ஐந்து

வைகுண்டராஜன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் விரித்தார். போலீஸ் புகார். தேதி போட்டிருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

“அஞ்சு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போறேன். அதுக்குள்ள நீ ஒண்ணு சொல்லணும் ராகேலு. அவன்தானா, இல்லியா.”

மணி பத்தே முக்கால்.

தக்கலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேலே ராகேலின் அலுவலகம். பலகையில் ‘விசாரணை’ என்று மட்டும் இருக்கும். பதினைந்து வருடமாக அவள் விசாரித்ததெல்லாம் மாப்பிள்ளைகளை. துபாயில் சூப்பர்வைசர் என்று ஒருவன் சொன்னால், அவன் மேற்பார்வை பார்ப்பது ஆட்களையா ஒட்டகங்களையா என்று கண்டுபிடித்துச் சொல்வது தொழில். வைகுண்டராஜனின் இரண்டு மருமகன்களும் அவள் விசாரித்துச் சரி சொன்னவர்கள்.

ஜன்னலோரம் பெனிட்டோ செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டு வயது. சவுதியில், தம்மாமில் நான்கு வருடம் ஏ.சி. மெக்கானிக். ஊர் திரும்பிப் பத்து மாதமாக ராகேலுக்கு உதவியாளன். பைக் அவனுடையது, பெட்ரோல் அவளுடையது. 2012 ஏப்ரல். காலை ஆறு மணிக்குப் போன கரண்ட் இன்னும் வரவில்லை.

“யாரு அண்ணாச்சி?” என்றாள் ராகேல்.

“ஏசுஅடிமை.”

பெனிட்டோ விசிறுவதை நிறுத்தினான். “உபதேசியாரா? அவரு உண்டியல்ல நூறு ரூவாய போட்டுட்டு மீதிய சாமிகிட்ட விட்டுட்டு வாற ஆளாக்கும்.”

“நானும் அப்பிடித்தான் நெனச்சேன். இருபத்திரண்டு வருஷம் நெனச்சேன்.”

ஏசுஅடிமை அவர் கடையின் மூத்த விற்பனையாளர். முன்பு ஊர்க் கோயிலில் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லிக் கொடுத்தவர். அதை விட்டுக் கடைக்கு வந்தபோது உபதேசியார் என்ற பெயரும் கூடவே வந்தது.

“போன ஏப்ரல்ல கடைக்கு கம்ப்யூட்டர் போட்டேன். சரக்கு சாஃப்ட்வேர். என்ன வந்தது, என்ன வித்தது, என்ன தீரப்போகுதுன்னு அதுவே சொல்லும். எவ்வளவு வாங்கணும்னு அதுவே ஆர்டர் எழுதும். நான் ஆம்னு ஒரு பட்டன் அமுக்கினா போதும்.” வைகுண்டராஜன் முகத்தைத் துடைத்தார். “வருஷம் முடிஞ்சதும் அலமாரிய எண்ணி மெஷினோட ஒத்துப் பாத்தேன். குக்கர் இருபத்தொம்பது இல்ல. மிக்சி பதினாறு இல்ல. டேபிள் ஃபேன் பதினொண்ணு இல்ல. மொத்தம் அம்பத்தாறு. எல்லாம் அவனுக்க செக்‌ஷன்.”

“அவரு என்ன சொல்றாரு?”

“அதுதான் எளவு. ‘நான் எடுக்கல முதலாளி’ங்கான். பின்ன எங்க போச்சுடேன்னு கேட்டா, ‘அது சொல்லப்படாது’ங்கான்.”

“சொல்ல முடியாதா, சொல்லப்படாதா?”

“படாதாம்.”

ராகேல் நோட்டைத் திறந்தாள். “குறைஞ்சதச் சொன்னீங்க. கூடினது ஒண்ணும் இல்லியா?”

வைகுண்டராஜன் முதல்முறையாகச் சிரித்தார். “ஒரு கோட்டித்தனம் உண்டு. போர்வை. பானிப்பட்டுல இருந்து வாங்கினது இருபத்துநாலு. வித்தது எழுபத்தொண்ணாம். இருப்பு மைனஸ் நாப்பத்தேழுன்னு சிவப்புல காட்டுது. அந்தச் சவம் எதோ தப்பா எழுதியிருக்கு.”

“அலமாரியில எத்தன இருக்கு?”

“ஒம்பது.”

“நாப்பத்தேழு கடன்ல இருக்க போர்வை, ஒம்பது கையிருப்பு வேறயா?” என்றான் பெனிட்டோ. “இது நம்ம கூட்டுறவு பேங்க் மாதிரியில்லா இருக்கு.”

ராகேல் எழுந்தாள். “அண்ணாச்சி, உங்க கடையில களவு போனத அப்புறம் பாப்போம். களவு வந்தது எப்படின்னு மொதல்ல பாக்கணும்.”

*

ராஜன் ஹவுஸ்ஹோல்ட்ஸ் திருவனந்தபுரம் ரோட்டின்மேல் இருந்தது. வாசலில் இரண்டு கார் நிற்க இடம். உள்ளே யு.பி.எஸ். கூவிக்கொண்டிருந்தது. பில் போடும் ஷிபா திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள்.

போர்வைக்கு எதிரே ஒரு கட்டம் மின்னியது. வாடிக்கையாளர் தேவை கூடிவருகிறது. பரிந்துரை: நூற்றெண்பது. சம்மதமா? ஆம், இல்லை.

“நூத்தியெம்பதா?” என்றான் பெனிட்டோ. “இந்த ஜில்லாவுல போர்வை மூடிப் படுக்கவன் ரெண்டே பேரு. ஒருத்தன் காய்ச்சல்காரன். இன்னொருத்தன் வாசல்ல கடன்காரன் நிக்கவன்.”

“எழுபத்தொண்ணு வித்திருக்கே அண்ணே,” என்றாள் ஷிபா. “நானே பில் போட்டதாக்கும். பைசா கல்லாவுல இருக்கு. அது பொய்யில்ல.”

“போர்வை பில்ல மட்டும் எடு மக்கா,” என்றாள் ராகேல். “அதே பில்லுல வேற என்ன வாங்கினாங்கன்னும் சேத்து எடு.”

பிரிண்டர் நீளமாக ஒரு தாளைத் தள்ளியது. ராகேல் நின்றபடியே படித்தாள். பிறகு உட்கார்ந்து படித்தாள்.

“எல்லாம் காலையில ஒம்பதுக்கும் பத்தரைக்கும் நடுவுல.”

“ஆமாக்கா. முதலாளி தோப்புக்குப் போயிட்டு பதினொண்ணுக்குத்தான் வருவாவ. அதுக்குள்ள முடிஞ்சிரும்.”

“போர்வை ஒண்ணு, நைலான் கயிறு அஞ்சு மீட்டர், மார்க்கர் பேனா ஒண்ணு. அடுத்தது, போர்வை ரெண்டு, கயிறு அஞ்சு மீட்டர், மார்க்கர் ஒண்ணு. எல்லா பில்லும் இப்பிடித்தான்.” அவள் நிமிர்ந்தாள். “போர்வை வாங்குறவனுக்குக் கயிறு எதுக்கு? மார்க்கர் எதுக்கு?”

பெனிட்டோவிடமிருந்து ஒரு கிண்டல் வரவேண்டிய இடம். வரவில்லை. அவன் தேங்காய் துருவிகளை ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ராகேல் அதைக் குறித்துக்கொண்டாள். நோட்டில் இல்லை.

போர்வைகள் பின்பக்க அலமாரியில் இருந்தன. ஒவ்வொன்றும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில், கைப்பிடியோடு. உள்ளே மடிப்புக் கலையவில்லை. மடிப்புக்கு நடுவே வைத்த அட்டை வளையாமல் இருந்தது. ஒருவர்கூட ஒருமுறைகூட விரித்ததில்லை. ஆனால் ஒன்பது பைகளிலும் ஒரே இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, பிளாஸ்டிக் மங்கியிருந்தது. கண்புரை விழுந்தது போல. ராகேல் குனிந்து முகர்ந்தாள்.

“தின்னர்,” என்றாள். “பெயிண்ட் கடைத் தின்னர். எதையோ அழிச்சிருக்கு.”

ஒரு நீலப் பையை வாசல் வெளிச்சத்துக்கு எதிராகச் சாய்த்துப் பிடித்தாள். மங்கலுக்கு அடியில் எழுத்துகள் பேனா அழுந்திய பள்ளமாக நின்றன. ஜான்ரோஸ். அதன் கீழே டி.ஆர்.வி.

“டி.ஆர்.வி.ன்னா திருவனந்தபுரம் ஏர்போர்ட்டு,” என்றாள் ஷிபா.

“பில்லுல ஜான்ரோஸ் இருக்கா?”

ஷிபா தட்டினாள். “இருக்கு. மூணு வாரம் முன்ன, காலை ஒம்பதே கால். ராஜாக்கமங்கலம் துறை. போன் நம்பரும் உண்டு.”

“வித்த போர்வை. திரும்பவும் உங்க அலமாரியில.”

அலமாரிக்குப் பின்னால் ஒரு நாற்காலி சத்தமிட்டது. ஏசுஅடிமை எழுந்து நின்றார். ஐம்பத்தைந்து வயது. பொத்தான் கழுத்துவரை போட்ட வெள்ளைச் சட்டை.

“உபதேசியார்,” என்றாள் ராகேல். “நீங்க எடுத்தீங்களா?”

“இல்ல மக்கா.”

“எங்க போச்சுன்னு தெரியுமா?”

“தெரியும்.”

“சொல்லுங்க.”

“வேற எதாவது கேளு.”

“தின்னர் எதுக்கு?”

ஏசுஅடிமை கண்ணை மூடிக்கொண்டார். திறக்கும்போது அவர்கள் போயிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர் போல நிறைய நேரம் மூடியிருந்தார்.

*

இரணியல் தாண்டியதும் ராகேல் பைக்கை நிறுத்தச் சொன்னாள். ஒரு தாளை அவன் தோளுக்குமேல் நீட்டினாள்.

“2011 ஜூன் பதினாலு. காலை ஒம்பது நாப்பது. போர்வை ரெண்டு, கயிறு அஞ்சு மீட்டர், மார்க்கர் ஒண்ணு. பேரு பெனிட்டோ.”

பெனிட்டோ ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. உள்ளேயிருந்து பேசினான்.

“அக்கா, அது வந்து. கல்ஃப்ல இருந்து வாறவன் முப்பது கிலோதான் கொண்டுவரலாம். சொந்தக்காரங்க முன்னூறு கிலோ உண்டு. எவ்வளவு எண்ணி வாங்கினாலும் ஒருத்தர் விட்டுப்போகும். எனக்கு எனக்க சின்னம்மை விட்டுப்போச்சு. சின்னம்மைய நாம மறக்கலாம். சின்னம்மை நம்மள மறக்கமாட்டா.”

“அதனால?”

“ஏர்போர்ட்டுல இருந்து ஊருக்கு வாற வழி தக்கலை. டாக்சிக்காரன் கேக்காமலே அந்தக் கடை வாசல்ல நிப்பாட்டுவான். போர்வை எடுத்து, ரோட்டோரத்துல வச்சுக் கயிறு சுத்தி, பேரெழுதி டி.ஆர்.வி. போட்டுக் கார்மேல கட்டிருவோம். தக்கலையில ஏறும்போது பானிப்பட்டுப் போர்வை. வீட்டு வாசல்ல இறங்கும்போது தம்மாம் போர்வை.”

“போர்வை எதுக்கு? வேற எதாவது கொடுக்கலாமே.”

“பெருசா இருக்கும்லாக்கா. தங்கத்தக் கொண்டாந்தா பாக்கெட்டுல இருக்கும், எவன் பாப்பான்? போர்வை கார்மேல வரும். ஊரே பாக்கும்.”

“நாகர்கோவில்ல வாங்கலாமே.”

“அங்க ஊர்க்காரன் எவனாவது நிப்பான்.”

ராகேல் தாளை மடித்தாள். “காலையிலேயே சொல்லியிருந்தா பாதிக் கேஸ் முடிஞ்சிருக்கும்.”

“மானம் போகுமேன்னுதான்.”

“போனது எப்படின்னு தெரிஞ்சுபோச்சு. திரும்பி வந்தது எப்படி?”

“அது சத்தியமா தெரியாது. எனக்க சின்னம்மை ரெண்டு போர்வையும் பத்திரமா வச்சிருக்கா.”

“பாத்தியா?”

பெனிட்டோ யோசித்தான். “பாக்கல,” என்றான். பைக்கை உதைத்தான்.

*

ராஜாக்கமங்கலம் துறையில் ஜான்ரோஸ் தன் வீட்டு முற்றத்துப் பூவரசின் கீழே பனியனோடு உட்கார்ந்திருந்தான். நாற்காலியைச் சுற்றி அத்தர் மணம் ஒரு வேலி போல நின்றது.

“நாங்க ஒரு போர்வைக் கம்பெனிக்காக விசாரிக்கோம்,” என்றாள் ராகேல். “வெளிநாட்டுப் போர்வைய நம்ம ஆளுங்க எப்பிடி வச்சிருக்காங்கன்னு.”

“நல்ல ஆளத்தான் பிடிச்சிய. அண்ணன் வீட்டு மைனிக்கு ஒண்ணு கொண்டாந்தேன். பஹ்ரைன் சரக்கு. இங்கெல்லாம் கிடைக்காது.”

“எவ்வளவு ஆச்சு?” என்றான் பெனிட்டோ.

“பதினாலு தினார்.”

“கயிறு சேத்தா?”

ஜான்ரோஸ் அவனைப் பார்த்தான். பெனிட்டோவும் அவனைப் பார்த்தான். ஒரே டாக்சி ஸ்டாண்டில் ஏறி வந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள்.

“மைனி வீடு அந்தா, நீலக் கதவு,” என்றான் ஜான்ரோஸ்.

ஞானசெல்வி அடுப்படியிலிருந்து வந்தாள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. உள்ளே நின்றால் தலை உச்சி தனியாக வெந்தது.

“போர்வையா? பீரோவுல இருக்கு.”

“காட்டுங்க.”

“சாவி எங்க வீட்டுக்காரருகிட்ட.”

அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. ராகேல் எட்டிப் பார்த்தாள். ஐந்து லிட்டர், புதிது. கைப்பிடியில் ராஜன் ஹவுஸ்ஹோல்ட்ஸ் ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்தது.

ஞானசெல்வி அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“உபதேசியார் சொன்னாரா?”

“சொல்லல. சொல்லாததாலதான் அஞ்சு மணிக்கு அவருமேல போலீஸ்ல எழுதிக் கொடுக்கப்போறாங்க.”

அவள் தரையில் உட்கார்ந்தாள்.

“அக்கா, எனக்கு இது நாலாவது போர்வை. கொழுந்தன் ஒவ்வொரு தடவையும் போர்வைதான் கொண்டாருவாவ. இந்த வீட்டப் பாருங்க. பகல்ல கரண்டு இல்ல, ராத்திரி இருக்குன்னு சொல்லமுடியாது. போர்வைய வச்சு என்ன செய்ய, உலையில போடவா? தக்கலையில ஒரு கடை உண்டு, பின்பக்கமாப் போனா போர்வைய வாங்கிட்டு அதே விலைக்கு வேண்டியதத் தருவாவன்னு எங்க பெரியம்மை சொன்னா. பெரியம்மைக்கு அவுங்க நாத்தூன் சொன்னாளாம்.”

“அப்ப ஊருக்கே தெரியும்.”

“பொம்பளையளுக்குத் தெரியும்.”

“உபதேசியார்கிட்ட என்ன பேசினீங்க?”

“வெளிய சொல்லமாட்டேன்னு சிலுவைமேல கை வச்சு சத்தியம் வாங்கினேன். கொழுந்தனுக்குத் தெரிஞ்சா இந்த வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டாவ. வெயில்ல நின்னு சம்பாரிச்சு, கடல் தாண்டிக் கொண்டாந்ததுல்லா. மாத்தினப்ப எனக்கே மனசு வெந்துபோச்சு.”

பெனிட்டோ வாயைத் திறந்தான். ராகேல் அவன் காலை மிதித்தாள். அவன் வாயை மூடினான்.

“அவருக்காக ஒரு வார்த்தை வந்து சொல்லமுடியுமா?”

“முதலாளிகிட்டயா? அவரு வீட்டம்மாவுக்குப் பெரிய நாக்கு அக்கா. நாளைக்கே ஜில்லா முழுக்கத் தெரிஞ்சிரும்.” அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “உபதேசியார் நல்ல மனுஷன். ஆனா எனக்க பேரு வரப்படாது.”

திரும்பும் வழியில் பெனிட்டோ ஒரு போன் செய்தான். இரண்டு நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தான். வைத்தான்.

“அங்க கரண்டு வந்துட்டாம். சின்னம்மை மிக்சியில மாவாட்டிக்கிட்டிருந்தாளாம்,” என்றான். “சத்தத்துல நான் கேட்டது சரியா காதுல விழலியாம்.”

*

நான்கு ஐம்பது. வைகுண்டராஜன் புகாரைக் கல்லாப்பெட்டிமேல் வைத்திருந்தார். எதிரே ஏசுஅடிமை. ஷிபா திரைக்குப் பின்னால் முடிந்தவரை சிறிதாகியிருந்தாள்.

ராகேல் சுருக்கமாகச் சொன்னாள்.

“வந்தது இருபத்துநாலு. வித்தது எழுபத்தொண்ணு, அலமாரியில ஒம்பது. சேத்தா எம்பது. எம்பதுல இருபத்துநாலு போனா?”

“அம்பத்தாறு,” என்றாள் ஷிபா.

“அம்பத்தாறு போர்வை இந்தக் கடைக்குத் திரும்பி வந்திருக்கு. அம்பத்தாறு சாமான் வெளிய போயிருக்கு. ஒண்ணுக்கு ஒண்ணு, ஒரே விலை. களவு இல்ல அண்ணாச்சி. மாத்து. அதே இருபத்துநாலு போர்வை ஒரு வருஷமா ஏர்போர்ட்டுக்கும் கடலுக்கும் நடுவுல சுத்திக்கிட்டிருக்கு. அந்த மெஷின் பொய் சொல்லல. எழுபத்தொண்ணு பேருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. வச்சுக்க ஒருத்தருக்கும் வேண்டாம்.”

“அதுங்களுக்கு ரேஷன் கார்டு போடலாம்,” என்றான் பெனிட்டோ. “நிலையான முகவரி மட்டும் இல்ல.”

வைகுண்டராஜன் கால்குலேட்டரில் ஒருமுறை போட்டுப் பார்த்தார். விரலில் ஒருமுறை போட்டுப் பார்த்தார். இரண்டும் ஒத்துப்போனது.

“அதுக்கு மெஷின்ல மாத்துன்னு ஒரு இடம் உண்டே. ஏன் போடல?”

ஏசுஅடிமை நிமிர்ந்தார். “போட்டா பேரும் நம்பரும் கேக்கும் முதலாளி.”

“கேட்டா என்ன?”

“தரமுடியாது.”

“செரி. களவு இல்லன்னே வச்சிக்குவோம்.” வைகுண்டராஜன் பேனாவை எடுத்தார். “ஆனா எனக்க கடையில, எனக்க சரக்க, என்கிட்ட கேக்காம மாத்தியிருக்க. அம்பத்தாறு பேருக்க பேரையும் எழுதிக் கொடு. இந்தத் தாளக் கிழிச்சிருதேன். இல்லன்னா கையெழுத்து.”

ஏசுஅடிமை இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். கிடங்கு, பின்கதவு, மாடி. கல்லாப்பெட்டிமேல் சத்தமில்லாமல் வைத்தார்.

“வீட்டுல மூத்தவளுக்கு மாப்பிள்ள பாத்திட்டிருக்கேன்,” என்றார். “களவுக் கேஸுன்னா விசாரிக்க வாறவங்க ராகேலுகிட்டத்தான் கேப்பாங்க. அவ உள்ளதச் சொல்லட்டும். ஆனா பேரு தரமாட்டேன் முதலாளி.”

ராகேல் நோட்டை மூடினாள். சொல்வதற்கு அவளிடமும் ஒரு பெயர்தான் இருந்தது. அதுவும் வரக்கூடாத பெயர்.

வைகுண்டராஜன் அவளை உற்றுப் பார்த்தார். “நீ எப்பிடிக் கண்டுபிடிச்ச? ஒருத்தரு வாயத் திறந்திருக்கமாட்டாங்களே. அலமாரிப் பக்கம் அரை மணிக்கூர் நின்னியாம். அங்க என்ன இருக்கு?”

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வியாபாரி. சரக்கைப் பார்க்கத் தெரிந்தவர். அலமாரியிலிருந்து ஒரு பையை இழுத்தார், மங்கலைத் தடவினார், வாசல் வெளிச்சத்தில் சாய்த்தார்.

“ஓ. இங்கதான் இருக்கா பேரு.”

“அண்ணாச்சி, அது வேண்டாம்,” என்றாள் ராகேல்.

“ஜான்ரோஸ். எவனோ.” பையைக் கீழே போட்டார். அடுத்தது. “சத்தியராஜ், கொட்டாரம். எவனோ.” அடுத்தது.

“முதலாளி,” என்றார் ஏசுஅடிமை. குரல் மாறியிருந்தது. “பச்சைய மட்டும் விட்டுருங்க.”

“ஏன்?”

“விட்டுருங்க.”

வைகுண்டராஜன் பச்சையை எடுத்தார். சாய்த்தார். எழுத்துக்கூட்டிப் படித்தார். அவர் உதடு அசைவது தெரிந்தது.

பெனிட்டோ அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து மெதுவாக வாசித்தான். “அன்பு அத்தானுக்கு. வைகுண்டராஜன், தக்கலை. டி.ஆர்.வி.”

“செல்வன் எழுத்து,” என்றார் வைகுண்டராஜன். “எனக்க மச்சினன். மஸ்கட்டுல இருக்கான். போன ஓணத்துக்குக் கொண்டாந்தான். வீட்டுக்காரி பரண்மேல பத்திரமா வச்சிருக்கேன்னு சொன்னா.”

ஏசுஅடிமை தரையைப் பார்த்தார்.

“முத்துக்கனி இங்க வந்தாளா?”

ஏசுஅடிமை கழுத்துப் பொத்தானைச் சரிசெய்தார்.

“எனக்க பொஞ்சாதி, எனக்க கடையில, பின்பக்கமா வந்து மாத்திட்டுப் போனாளா? கேட்டா நான் கொடுக்கமாட்டேனா?”

அவர் கேட்டது ஏசுஅடிமையிடம் அல்ல. யாரும் பதில் சொல்லாததால் அவரே சொல்லவேண்டியிருந்தது.

“மிக்சி கேட்டா. ரெண்டு வருஷம் கேட்டா. கடைச்சரக்கு விக்கதுக்குன்னு சொன்னேன்.” பச்சைப் பையைக் கல்லாமேல் வைத்தார். “ஏழு மாசமா சட்னி நல்லாத்தான் இருக்கு.”

ராகேல் பச்சைப் பையின் கைப்பிடியைத் தொட்டாள். அதில் ஒரு முழம் நீல நைலான் கயிறு அவிழாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கிய கயிற்று உருளையைப் பார்த்தாள். அதே நீலம். சொல்லவேண்டாம் என்று நினைத்தாள். ஆனால் வைகுண்டராஜன் அவள் பார்வையைப் பிடித்துவிட்டார்.

“ஷிபா. செல்வன்னு எதாவது பில் இருக்கா?”

ஷிபா தட்டவில்லை. அவளுக்கு மனப்பாடம்.

“இருக்கு முதலாளி. போன செப்டம்பர். காலை ஒம்பது இருபது. போர்வை ஒண்ணு, கயிறு அஞ்சு மீட்டர், மார்க்கர் ஒண்ணு.” தயங்கினாள். “முதலாளிக்க மச்சினன்னு சொல்லித் தள்ளுபடி கேட்டாவ.”

“கொடுத்தியா?”

“அஞ்சு சதவீதம்.”

பெனிட்டோ வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்து நின்றான். அவன் முதுகு குலுங்கியது.

மணி ஐந்து அடித்தது. வைகுண்டராஜன் புகாரை எடுத்து இரண்டாகக் கிழித்தார். இரண்டை நான்காக. பிறகு சாவிக்கொத்தை ஏசுஅடிமை பக்கமாகத் தள்ளினார். ஒரு விரலால், பாதித் தூரம் வரை. மீதித் தூரம் ஏசுஅடிமை கை நீட்டினார்.

“இதுல நூத்தியெம்பதுன்னு நிக்கே,” என்றார் வைகுண்டராஜன் திரையைக் காட்டி. “என்ன சொல்ல?”

“இல்லன்னு சொல்லுங்க,” என்றாள் ராகேல். “இருபத்துநாலே அதிகம்.”

அவர் ‘இல்லை’யை அமுக்கினார். கட்டம் மறைந்தது.

“அம்பத்தாறையும் மாத்துன்னு எழுது ஷிபா. கணக்கு நேராகட்டும்.”

ஷிபா திறந்தாள். “பேரு கேக்குது முதலாளி. போடாம அடுத்ததுக்குப் போகாது. அம்பத்தாறு தடவ கேக்கும்.”

வைகுண்டராஜன் ஏசுஅடிமையைப் பார்த்தார். ஏசுஅடிமை சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார்.

“எனக்க பேரப் போடு.”

“அம்பத்தாறுக்குமா?”

“ஒண்ணு எப்பிடியும் எனக்க வீடுதான். மிச்சத்துக்கும் போடு.”

ஷிபா தட்டத் தொடங்கினாள். கடையின் பின்கதவு லேசாகத் திறந்தது. ஒரு பெண் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். கையில் ஜிப் வைத்த பெரிய பை. உள்ளே வருவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஏசுஅடிமை முதலாளியைப் பார்த்தார்.

வைகுண்டராஜன் நாற்காலியை மெதுவாகத் திருப்பினார். முதுகு பின்கதவுக்கும் முகம் தெருவுக்குமாக உட்கார்ந்துகொண்டு, ஒரு பஸ் போவதை மிகவும் கவனமாகப் பார்த்தார்.